இசை தரும் அமைதியும் மனச்சாட்சியின் அமைதியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பது வயது கடந்த ஒருவர் வந்து ஒரு கேள்வி கேட்டார். “சாமி, ராத்திரியில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. என் மகள் கைபேசியில் பியானோ இசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். பாட்டில்லை, வார்த்தையில்லை, வெறும் வாத்தியம். காதில் மாட்டிக்கொண்டு படுத்தால் அரைமணி நேரத்தில் மனசு அடங்கிவிடுகிறது. செபமாலை சொன்னால்கூட இப்படி அடங்குவதில்லை. இதுவும் ஒரு தியானந்தானே, சாமி?”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததை, அவருடைய அனுமதியோடும் பெயர் குறிக்காமலும், இங்கே எழுதுகிறேன். ஏனெனில் தியானத்துக்கென்றும், நோய் தீர்க்கவென்றும், களைப்பு நீங்கவென்றும் இவ்வித பியானோ இசை இன்று வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது. அவர் கேட்டதை இன்னும் பலர் மனதிற்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முதலாவது, வாத்தியத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. பியானோ என்பது ஏறத்தாழ 1700-ம் ஆண்டில், இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரில், பர்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் உண்டாக்கிய கருவி. மெதுவாகவும் உரக்கவும் வாசிக்கக் கூடியது என்பதாலேயே அதற்கு அந்தப் பெயர் வந்தது. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால், மெத்தென்ற கம்பளி பொதிந்த சிறு சுத்தி கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்ளும். வயலினிலோ புல்லாங்குழலிலோ ஒரு சுரத்தை நீட்டிக்கொண்டே போகலாம். பியானோவில் அது இயலாது. பிறந்த கணத்திலிருந்தே சுரம் தேயத் தொடங்கி, மெல்ல மெல்ல மௌனத்தில் கரைந்துபோகும். நிதானமாக வாசிக்கும்போது நாம் கேட்பதில் பாதி சுரம், பாதி அந்தத் தேய்வு. ஓடிக்களைத்த மனம் அதைப் பின்தொடர்ந்து தானும் தணிவதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, இசை நோயாளிக்கு உதவும் என்பது வீண் கற்பனையல்ல. 2015-ம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்ட 70-க்கு மேற்பட்ட பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. பலவகை இசையையும் கேட்ட நோயாளிகளுக்கு வலியும் கலக்கமும் குறைந்திருந்தன. வலி தணிக்கும் மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் குறையவில்லை. இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்தே மனதில் வைக்கவேண்டும். இசை ஆறுதல் தரும், நோவைத் தணிக்கும். வியாதியை வெட்டியெறியும் வேலை அதனுடையதல்ல.

இப்படியிருக்க, 432 அதிர்வு, 528 அதிர்வு என்று எண்களைக் காட்டி, இந்தச் சுரம் சரீரத்தின் அணுக்களையே பழுதுபார்க்கும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நிரூபணம் கிடையாது. இன்று வாத்தியங்களைச் சுருதி கூட்டும் 440 என்னும் அளவோ, 1939-ல் லண்டனில் கூடிய மாநாட்டில் மனிதர் ஒத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. அதில் விஷமுமில்லை, வேறு எண்ணில் அமிர்தமுமில்லை. நோயாளியிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கேள் என்று சொல்லுகிறவன் ஐந்தாம் கற்பனையையும் எட்டாம் கற்பனையையும் ஒருங்கே மீறுகிறான்.

மூன்றாவது, களைத்தவன் இளைப்பாறுவது பாவமா? ஒருநாளும் இல்லை. துக்கத்தையும் வேதனையையும் உறக்கமும் குளியலும் தணிக்குமா என்று அர்ச். தோமாஸ் அக்குவினார் தமது பெரிய இறையியல் நூலில் ஒரு தனிக் கேள்வியே எழுப்பி, ஆம், தணிக்கும் என்று விடை சொல்லியிருக்கிறார். மகா வேதபாரகர் குளியலைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு அடுப்படியைக் கழுவி முடித்து உட்காரும் ஒரு பெண், அரைமணி நேரம் பியானோ கேட்டு அயர்ந்து போனால், அவளிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். நன்றாகத் தூங்கு அம்மா என்பேன்.

அப்படியானால் எங்கே சிக்கல்? அதை வேதாகமமே காட்டுகிறது.

சாமுவேல் முதல் புத்தகம் 16-ம் அதிகாரத்தில், சவுல் அரசனை ஒரு தீய ஆவி கலங்கடிக்கிறது. ஊழியர்கள் யாழ் வாசிக்கத் தெரிந்த தாவீதைக் கொண்டுவருகிறார்கள். அவன் வாசிக்க, அரசன் ஆறுதலடைந்து குணம் பெறுகிறான். இசை மருத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நாமோ 18-ம் அதிகாரம் வரை போவோம். அதே அரசன், அதே வாலிபன், அதே யாழ். இடையில் நடந்தது ஒன்றுதான். ஊர்ப் பெண்கள் தாவீதைச் சவுலுக்கு மேலாகப் புகழ்ந்து பாடினார்கள், சவுலின் நெஞ்சில் பொறாமை குடியேறிற்று. மறுநாள் தாவீது வழக்கம்போல் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே, கேட்டுக்கொண்டிருந்தவன் கையிலிருந்த ஈட்டி அவன்மேல் பாய்ந்தது.

யாழ் பழுதாகிவிட்டதா? தாவீதின் விரல்கள் தவறினவா? இல்லை. முதலில் சவுலுக்கு இருந்தது கலக்கம். கலக்கத்தை இசை தீர்த்தது. பின்பு இருந்ததோ மனதார வளர்த்த பொறாமை. அதற்கு மனந்திரும்புதலே மருந்து. எந்த வாத்தியமும் எனக்குப் பதிலாக மனஸ்தாபப்பட முடியாது.

பியானோவைப் பற்றித் திருச்சபை ஒருகாலத்தில் காட்டிய எச்சரிக்கையும் இத்துடன் சேர்த்து நினைக்கத்தக்கது. 1903-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி, அர்ச். செசிலியம்மாள் திருநாளன்று, அர்ச். பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் தேவாலய இசையைப் பற்றி எழுதிய நிருபத்தில், கோவிலுக்குள் பியானோ வாசிக்கலாகாது என்று விலக்கினார். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், குழலிசைப் பெட்டிக்கு முதலிடம் தந்து, புனித வழிபாட்டுக்குப் பொருந்துமானால் மற்றக் கருவிகளும் தக்க அனுமதியோடு வரலாம் என்றது. பாப்பரசர் பியானோவைப் பகைக்கவில்லை. உல்லாச மண்டபத்தில் பழகிய காது, கோவிலிலும் அதே சுகத்தைத் தேடிக்கொண்டு, தேடவேண்டியவரை மறந்துவிடக்கூடாது என்பதே அவர் கவலை என்று நான் எண்ணுகிறேன். அர்ச். அகுஸ்தீனாரும் தமது சங்கீர்த்தன நூலில் இதே பயத்தைத் தம்மைக் குறித்தே சொல்லியிருக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் உருக்கினால் அதைக் குற்றமாகவே எண்ணினார். ஆயினும் பாட்டை நிறுத்தச் சொல்லாமல், அதன் பக்கமே சாய்ந்தார்.

இனி ஒரு பிரபு கதை. பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதை 1741-ல் ஒரு மெட்டையும் அதன் 30 மாற்று வடிவங்களையும் அச்சிட்டார். ‘கோல்ட்பெர்க் வேறுபாடுகள்’ என்று இன்று பியானோவில் உலகமெங்கும் வாசிக்கப்படுவது அதுவே. கைசர்லிங் என்னும் பிரபு தூக்கமில்லாமல் அவதிப்பட்டார் என்றும், கோல்ட்பெர்க் என்னும் இளைஞன் அடுத்த அறையிலிருந்து வாசித்துக் காட்டுவதற்காகவே அவர் இதைக் கேட்டு வாங்கினார் என்றும், 1802-ல் போர்க்கெல் எழுதிய பாக்கின் சரித்திரம் கூறுகிறது. கற்றோர் பலர் இதை ஐயுறுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிரபு கேட்டது தம்மைத் தூங்கவைக்கும் இசையையல்ல, தூங்காத இரவுகளில் தம் மனதைச் சற்றுத் தேற்றும் இசையை. விழித்திருக்கிறவனுக்குத் துணையாக நிற்பது ஒன்று, விழிக்கவேண்டியவனை மயக்கிவிடுவது இன்னொன்று.

இதுதான் அந்த மனிதருக்கு நான் பின்பு சொன்ன பதில். “இசை தியானத்துக்கு வாசல், ஆனால் தியானம் ஆகாது. தியானத்தில் நீங்கள் ஒருவரோடு பேசுகிறீர்கள், அவரும் உங்களோடு பேசுவார். அவர் பேசுவது எப்போதும் இனிமையாக இருக்காது. செபமாலையில் மனது அடங்கவில்லை என்றீர்களே, அங்கே உங்களை யாரோ எதைப் பற்றியோ கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகையால் இசையை நிறுத்த வேண்டாம். அது முடிந்ததும், மறுபடி போடாமல், ஐந்து நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள். கடைசிச் சுரம் கரைந்தபின் வருகிற மௌனத்தில் என்ன எழும்புகிறது என்று கவனியுங்கள். சமாதானமே நீடித்தால் நன்றி சொல்லித் தூங்குங்கள். ஒரு முகம் எழும்பினால், அந்த முகத்துக்கு நீங்கள் ஏதோ கடன்பட்டிருக்கிறீர்கள்.”

இரண்டு வாரம் கழித்து வந்தார். “தம்பி முகந்தான் சாமி” என்றார். தகப்பனார் வீட்டுப் பாகப்பிரிவினையில் பதினோரு வருஷமாகப் பேச்சில்லையாம். தம்பி வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறதாம். போனீர்களா என்று கேட்டேன். இன்னும் போகவில்லை என்றார். ஆனால் இரவில் இப்போது இசையை ஒருமுறைதான் போடுகிறாராம்.

தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். “முன்போல் சீக்கிரம் வருவதில்லை சாமி” என்றார். அது நல்ல செய்தி என்றே அவருக்குச் சொன்னேன். அவர் போகும் நாளுக்காக உங்கள் செபங்களில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி