இடைச்சொல் போன்ற பணி

உலகில் மனிதர் ஆற்றும் பணிகள் இருவகைப்படும். செவ்வனே நிறைவேறினால் ஊரார் கண்டு போற்றுவது ஒருவகை. செவ்வனே நிறைவேறினால் எவர் கண்ணிலும் படாமல், தவறினால் மட்டுமே எல்லார் கண்ணிலும் படுவது மற்றொரு வகை. மேடையில் முழங்கும் சொற்பொழிவாளரின் பணி முதல் வகையைச் சார்ந்தது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரின் பணி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அவர் நூறு பிழைகளைக் களைந்த பக்கத்தைப் படிக்கும்போது நாம் அவரை நினைப்பதில்லை. தப்பி நின்ற ஒரு பிழையைக் கண்டவுடன், ‘யார் மெய்ப்புப் பார்த்தது?’ என்று கேட்கிறோம். சோற்றில் உப்பு அளவாக அமைந்துவிட்டால் உப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இத்தகைய பணியாளரின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? கிடைத்த விளைவைக் கொண்டா, அவர் மேற்கொண்ட முயற்சியைக் கொண்டா? இது ஒழுக்கவியலில் பழைய வினா. இதற்கு விடை தேட, நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு துறையை நாம் எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகளில் ‘ஸ்பெஷல் டீம்ஸ்’ எனப்படும் சிறப்பு அணிகளுக்குப் பயிற்சி அளிப்போரின் வாழ்க்கையே அது. அங்கே விளைவு இலட்சம் பேர் முன்னிலையில் பகிரங்கமாகத் தெரிகிறது. முயற்சியோ முற்றிலும் மறைந்து கிடக்கிறது. எனவே நம் வினாவுக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவானது; அதைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் 11 பேர் வேறு. தடுக்கும் 11 பேர் வேறு. இவ்விரு சாராருக்கும் இடையே, பந்தைக் காலால் உதைக்க நேரும் தருணங்களுக்கென மூன்றாவதாக ஒரு தொகுதி உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் உதை, முன்னேற வழியற்றபோது பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் ‘பன்ட்’, கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகள் பெறும் ‘ஃபீல்டு கோல்’, இவற்றைத் தடுத்தல், எதிரி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடுதல் ஆகியன இத்தொகுதியின் கடமைகள்.

பெயரில் ‘சிறப்பு’ இருப்பினும் இதற்குக் கிடைக்கும் மதிப்பு சிறிதே. முதன்மை ஆட்டக்காரராக இடம் கிடைக்காத இளைஞரும், புதிதாகச் சேர்ந்தவருமே பெரும்பாலும் இதில் நிறுத்தப்படுவர். பயிற்சி நேரத்திலும் பிறர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதே இதற்கு வாய்க்கும். கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, உயர்மட்ட அணி ஒன்றுக்குக் களத்தில் பயிற்சி அளிக்கும் உதவிப் பயிற்சியாளர் ஒன்பதின்மரையே 2018 தொடக்கம் வரை அனுமதித்திருந்தது. ஆகவே பல கல்லூரிகளில் இப்பணிக்கெனத் தனி ஆசிரியரே இல்லை. மற்றவர்கள் தத்தம் வேலைக்கு நடுவே இதையும் பங்கிட்டுக்கொண்டனர். 2018இல் பத்தாமவருக்கு இடம் கிடைத்தபோதுதான் பல கல்லூரிகள் அவ்விடத்தை இதற்கு ஒதுக்கின.

அரபு இலக்கணத்தின் முதற்பாடத்தில் சொல் மூவகை என்று மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம்: இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. பெயருக்கும் வினைக்கும் தாமாகவே பொருள் உண்டு. ஹர்ஃபுக்கோ பிறிதொரு சொல்லைச் சார்ந்தே பொருள் தோன்றும். தமிழிலும் இடைச்சொல் தனித்து நடவாது. எனினும் தொல்காப்பியர் அதற்கென இடையியல் என்று ஓர் இயலையே வகுத்தார். காரணம் உண்டு. ‘புலி கொன்ற யானை’ என்று சொல்லிப் பாருங்கள். மடிந்தது எது? ‘ஐ’ என்ற ஓர் உருபு மறைந்ததால் கொன்றவன் யார், மாண்டவன் யார் என்பதே மயங்கிப் போகிறது. அரபியில் ‘மின்’ நிற்குமிடத்தில் ‘இலா’ நின்றால், ஊரிலிருந்து வந்தவன் ஊருக்குப் போனவனாகிவிடுகிறான். சிறப்பு அணி இத்தகைய இடைச்சொல்லே. தாக்குதலும் தடுப்பும் பெயரும் வினையும் போல்வன; இவற்றை இணைத்துப் பொருளை நிலைநிறுத்துவதோ, பொருளையே தலைகீழாக்குவதோ இச்சிறு சொல்தான்.

‘பன்ட்’ ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் குனிந்து, தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னோக்கி ஏறத்தாழ 15 கஜத் தொலைவுக்கு எறிகிறார். அது ஒரு விநாடிக்குள் உதைப்பவரின் கையைச் சேர வேண்டும். எறிந்தது முதல் உதைத்து முடிப்பது வரை எல்லாம் ஏறக்குறைய 2 விநாடிகளில் நடந்தாக வேண்டும். அவ்விரண்டு விநாடிகளில் 11 பேரும் தத்தம் அடியைச் சரியான இடத்தில் வைத்தால், பார்ப்போர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒருவர் ஓரடி பிசகினால் ஆட்டமே கைமாறிவிடும். அந்த ஓரடிக்காகத்தான் பயிற்சியாளர் ஆண்டு முழுவதும் பாடுபடுகிறார்.

இப்பணியைத் தாழ்வென்று கருதாத தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் ஃபிராங்க் பீமர். 1987இல் தலைமைப் பொறுப்பேற்ற அவர், பிறர் உதவியாளரிடம் தள்ளிவிடும் சிறப்பு அணிகளைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். தம்மிடமிருந்த சிறந்த வீரர்களையும் அதில் நிறுத்தினார். அவர் தொடக்கத்தில் வெற்றி கண்டவரல்லர். 1992இல் அவரது அணி 2 ஆட்டங்களில் வென்று, 8இல் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. பல்கலைக்கழகம் பொறுமை காட்டியது. 1993 முதல் அவர் ஓய்வு பெற்ற 2015 வரை 23 பருவங்கள் இடைவிடாமல் அவ்வணி பருவ இறுதிப் ‘பௌல்’ ஆட்டத்தில் இடம்பெற்றது. எதிரியின் உதையைத் தடுத்தே வெற்றி காணும் அவர் பாணிக்குப் ‘பீமர் பால்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. அவர்தம் மைந்தர் ஷேன் பீமர் தந்தையின் அணியில் ஆடியபோது வகித்த இடமும், முன்னர் நாம் சொன்ன, குனிந்து பந்தைப் பின்னே எறியும் இடமே. தலைவரின் மகனுக்கு எவரும் பார்க்காத இடம்! அவர் பின்னாளில் பிற பல்கலைக்கழகங்களில் சிறப்பு அணிகளின் பயிற்சியாளராகி, 2021 பருவம் முதல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார்.

ஆனால் பீமரின் வரலாற்றில் நம் சிந்தனையைத் தூண்டுவது அவருடைய வெற்றிகளன்று, ஒரு தோல்வி. 1999 பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத அவரது அணி, 2000 ஜனவரி 4ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தேசிய முதன்மைக்காகப் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் மோதி 46–29 என்று தோற்றது. அன்று எதிரணி பெற்ற புள்ளிகளில் ஒரு பகுதி, அவரது அணியின் ‘பன்ட்’ ஒன்றைத் தடுத்து எடுத்துச் சென்றதால் வந்தது. மற்றொரு பகுதி, ‘பன்ட்’ ஒன்றைப் பிடித்துத் திரும்பி ஓடியதால் வந்தது. எக்கலையில் அவர் வல்லவரோ அக்கலையாலேயே வீழ்ந்தார். விளைவே அளவுகோல் என்போர் இங்கே என்ன சொல்வர்? அந்த ஓரிரவில் அவருடைய அறிவு பொய்த்துவிட்டதா? பதின்மூன்று ஆண்டுப் பயிற்சி வீணாயிற்றா? முயற்சி விளைவுக்கு வழி அமைக்கும். விளைவை விலைக்கு வாங்கித் தராது.

மற்றொருவர் ஜான் ஹார்பா. 1984இல், தம் தந்தை தலைமைப் பயிற்சியாளராயிருந்த மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிறு உதவியாளராகத் தொடங்கியவர். 1989 முதல் 1996 வரை சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திலும், 1997இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்திலும் சிறப்பு அணிகளைப் பயிற்றுவித்தார். 1998இல் தொழில்முறை அணியான பிலடெல்பியா ஈகிள்ஸில் அதே பணியை ஏற்று, ஒன்பது பருவங்கள் அதிலேயே இருந்தார். அவ்வேலையிலிருந்து தலைமைப் பதவிக்கு எவரையும் எளிதில் அழைப்பதில்லை. ஆகவே 2007இல் அவர் தடுப்பாளர் சிலரைப் பயிற்றுவிக்கும் வேறொரு பொறுப்புக்கு மாறினார். 2008இல் பால்ட்டிமோர் ரேவன்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. இடைச்சொல்லை ஆள்பவன் வாக்கியம் முழுவதையும் ஆளமாட்டான் என்று உலகம் எண்ணியது போலும்! உண்மை அதற்கு மாறானது. தாக்குவோரின் ஆசிரியருக்குத் தாக்குவோரை மட்டுமே தெரியும். சிறப்பு அணியின் ஆசிரியரோ இருசாராரிலிருந்தும் ஆள் திரட்டுகிறார். முன்வரிசைக்காரனையும் கடைசியில் நிற்பவனையும் ஒருங்கே அறிகிறார்.

2013 பிப்ரவரி 3ஆம் நாள் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில் ஹார்பாவின் அணி, அவருடைய இளவல் ஜிம் ஹார்பா பயிற்றுவித்த சான் பிரான்சிஸ்கோ அணியை 34–31 என்று வென்றது. பிற்பாதியின் முதல் உதையையே பிடித்து 108 கஜம் ஓடிப் புள்ளி ஈட்டினார் அவரது வீரர் ஒருவர். இறுதியில் சில விநாடிகளே எஞ்சியபோது, உதைக்க வேண்டியவர் உதைக்காமல் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி, வேண்டுமென்றே எதிரணிக்கு 2 புள்ளிகளை விட்டுக்கொடுத்தார். இரண்டை ஈந்து வெற்றியைக் காத்த அக்கணக்கு, எவரும் பொருட்படுத்தாத மூலையில் பல்லாண்டு உழைத்தவருக்குக் கைவந்த கணக்கன்றோ!

இனி, கசப்பான பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 2015 அக்டோபர் 17ஆம் நாள் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் மோதின. மிச்சிகனின் பயிற்சியாளர், நாம் மேலே சொன்ன இளவல் ஜிம் ஹார்பா. 10 விநாடிகளே மீதம். மிச்சிகன் 23–21 என்று முன்னணியில் இருந்தது. ஒரே ஒரு ‘பன்ட்’ உதைத்துவிட்டால் போதும். பந்து சற்றுத் தாழ்வாக வந்தது. உதைக்க நின்ற இளைஞரின் கை நழுவியது. எதிரணியினர் திரண்டு பாய்ந்தனர். அவர்களில் ஒருவர் பந்தைப் பற்றி 38 கஜம் ஓடினார். நேரம் முடிந்தபோது கணக்கு 27–23 என்று மாறியிருந்தது. ஓடி வென்ற அவ்விளைஞருக்கோ, மகிழ்ச்சியில் மேலே விழுந்த குவியலில் இடுப்பெலும்பு முறிந்து, அப்பருவமே முடிந்துபோயிற்று. பந்தை நழுவவிட்டவர் மீது முகமறியாதோர் வசைமாரி பொழிந்தனர். அவர் சாக வேண்டும் என்று எழுதியோரும் உண்டு. அதே ஆட்டத்தில் அவர் 80 கஜத் தொலைவுக்கு ஒரு ‘பன்ட்’ உதைத்திருந்தார் என்பதை அவர்கள் மறந்தனர். அவர் பெயரை நாம் இங்கு எழுதவில்லை. உலகம் போதிய அளவு எழுதிவிட்டது.

இங்கேதான் நம் வினா உயிர் பெறுகிறது. கூட்டத்தின் கண் பந்தை மட்டுமே பார்க்கிறது. பயிற்சியாளரின் கண் எதைப் பார்க்கிறது? ஆட்டம் முடிந்த பின் அவர் படப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, 11 பேருக்கும் தனித்தனியே மதிப்பிடுகிறார். ‘உன் அடி சரியா? உன் எதிரியைத் தடுத்தாயா? உனக்கிட்ட கடமையைச் செய்தாயா?’ இவையே அவருடைய கேள்விகள். புள்ளி கிடைத்த ஆட்டத்திலும் கடமை தவறியவன் குறை பெறுகிறான். புள்ளி இழந்த ஆட்டத்திலும் கடமை செய்தவன் நிறை பெறுகிறான். நாம் நூல்களில் தேடிய விடை, அத்தொழிலின் அன்றாட வழக்கத்திலேயே இருக்கிறது.

‘அப்படியாயின் தோல்விக்குப் பொறுப்பே இல்லையா? முயன்றேன் என்று சொல்லி எவரும் தப்பிவிடலாமா?’ என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. முயற்சி என்ற சொல் சோம்பேறியின் கேடயமாகிவிடக் கூடாது. கைநழுவலுக்கும் அசட்டைக்கும் வேறுபாடு உண்டு. ஆயிரம் முறை பயின்றவனின் கை ஆயிரத்தோராவது முறை நழுவுவது மனித இயல்பு. பயிலாமலே களம் புகுவது குற்றம். முன்னதற்குத் தேவை மறுபயிற்சி. பின்னதற்குத் தேவை கண்டிப்பு. மேலும், தொடர்ந்து விளைவு காணாத பயிற்சியாளரை ஒரு கல்லூரி பதவியிலிருந்து நீக்கலாம். அஃது அதன் உரிமை. அமெரிக்காவில் அது அடிக்கடி நடப்பதே. ஆனால் பதவியிலிருந்து நீக்குவது வேறு, பயனற்ற மனிதன் என்று முத்திரை குத்துவது வேறு. பதவிக்குத் தகுதியை விளைவு காட்டலாம். மனிதனின் மதிப்பை நிறுக்க அத்தராசு போதாது.

எனவே நாம் காணும் முடிவு இதுவே. மறைந்திருக்கும் பணியைச் செய்பவர், தம் கைக்கு எட்டிய அளவில் குறை வைக்காமல் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அதுவே அவர் கடன். பார்ப்போருக்கும் ஒரு கடன் உண்டு. ஒருவரின் பெயரைத் தவறு நேர்ந்த நாளில்தான் முதன்முதலாக அறிகிறோம் என்றால், தவறு நேராத அத்தனை நாள்களிலும் அவரை அறியாதிருந்தது நம் குறை. அந்நாள்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகே அவரைப் பற்றி வாய்திறக்க வேண்டும். நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் இத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உப்பு குறைந்த அன்று மட்டும் சமைத்தவரைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள, அந்த எண்ணிக்கை ஒன்றே நமக்குப் போதும்.