கடலும் கடனும்

பாடசாலைகள் மூடும் ஆனி மாதம் நெருங்கும்போது, மோர்னிங்சைட் பூங்காவில் ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்குப் போனாலும் சரி, கோயில் மடப்பள்ளி வாசலில் நின்றாலும் சரி, எமது குடும்பங்களிடையே அடிபடும் கேள்வி ஒன்றுதான்: “இந்த முறை எங்கே போகிறீர்கள்?” குளிர்காலத்தில் கியூபாவின் வரதேரோவுக்கு ஒரு கிழமை போய் வந்தவர்கள் எம்மிடையே உண்டு. கோடையில் ஊருக்குப் போய், நயினாதீவு அம்பாளை வணங்கி, நெடுந்தீவைச் சுற்றிப் பார்த்து, காரைநகர் கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டுத் திரும்புவோரும் பலர். இப்பயணங்களின் செலவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவற்றின் அறத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. உயிருக்காகக் கடல் கடந்த ஒரு சமூகம், உல்லாசத்துக்காக அதே கடலில் படகேறுவது தகுமா? தகுமெனில் அதனோடு சேர்ந்து வரும் கடமை யாது? இதனையே இங்கு சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

கடல் எமக்கு வெறும் காட்சிப் பொருளன்று. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்தனர் என உயிர் தப்பியோர் சாட்சி கூறினர். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டிருந்தபோது, கிளாலி நீரேரியை இரவோடிரவாக வள்ளங்களில் கடந்தவர்கள் இன்று எமது கோயிலின் பந்தியில் எம்மோடு அமர்ந்து உண்கிறார்கள். 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்கள் மீட்கப்பட்டனர். 2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர்.

இந்த வரலாற்றை முன்வைத்து எமது சமூகத்தில் இரு விதமாகப் பேசுவோர் உளர். “எங்கள் சனம் செத்த கடலில் நின்று சிரித்துப் படம் எடுப்பதா?” என்பது ஒரு சாரார் கேள்வி. “நடந்தது நடந்துவிட்டது. இங்கு பிறந்த பிள்ளைகளின் தலையில் ஏன் அந்தப் பாரத்தை ஏற்றுகிறீர்கள்?” என்பது மறுசாரார் கேள்வி. முதலாவதில் துயரம் இருக்கிறது. இரண்டாவதில் அன்பு இருக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே எடுகோளில் நிற்கின்றன. நினைவும் மகிழ்ச்சியும் ஓரிடத்தில் இருக்க முடியாது, ஒன்றை வைத்தால் மற்றதை விடவேண்டும் என்பதே அந்த எடுகோள்.

எமது சமய வாழ்வு அப்படிச் சொல்லவில்லை. ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தகப்பனை இழந்தவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிதிர்க்கடன் தீர்க்கிறார்கள். அதே நாளில் அவர்களுடைய பிள்ளைகள் கேணியில் குதித்துக் கும்மாளமிடுகிறார்கள். பிள்ளைகளின் சிரிப்பால் பிதிர்கள் கோபிப்பார்கள் என்று எந்த ஐயரும் சொன்னதில்லை. வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குச் சனம் பக்தியோடும் போனது, கட்டுச்சோற்றோடும் போனது. தீர்த்தம் வேறு, திருவிழா வேறு என்று எம் முன்னோர் பிரித்து வைக்கவில்லை. ஆகவே கடலில் மகிழ்வது குற்றமன்று என்பதே எமது முடிவு. அங்கு கொல்லப்பட்டவர்களும் நல்லது கெட்டதுக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளைப் படகில் கூட்டிச் சென்றவர்கள்தாமே.

அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது? கணக்குத் தொழிலில் இருக்கும் எமக்கு இதைக் கணக்கின் மொழியில் சொல்வதே இலகு. கடற்கரை விடுதிகளில் கையில் ஒரு பட்டியைக் கட்டிவிடுகிறார்கள். சாப்பாடு, குடிவகை, படகோட்டம் எல்லாவற்றுக்கும் முற்பணம் கட்டியாயிற்று. இனி எவருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்பது அதன் பொருள். பற்றுச்சீட்டுக் கிடைத்ததும் கணக்கு மூடப்படுகிறது. விடுதிக் கணக்கை அப்படி மூடலாம். மனிதர்களோடு உள்ள கணக்கையும் அப்படியே மூடிவிட்டதாக எண்ணுவதுதான் தவறு. ஊருக்குப் போகும்போதும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு போகிறோமா என்று நாம் எம்மையே கேட்டுப் பார்க்கவேண்டும்.

குறிகட்டுவான் இறங்குதுறையை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவுக்குப் போகும் படகு எமக்கு ஒரு நாள் உல்லாசம். முருகைக்கல் வேலிகளையும், கட்டாக்காலிக் குதிரைகளையும், பெரிய பெருக்கு மரத்தையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவோம். ஆனால் தீவில் வாழ்பவருக்கு அந்தப் படகே பேருந்து, அதுவே சந்தைக்குப் போகும் வழி, அவசரமென்றால் அதுவே நோயாளியைக் கரைசேர்க்கும் வாகனம். அரிசி மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும் அதில்தான் வரவேண்டும். படகு கொள்ளும் ஆட்களுக்கு ஓர் அளவு உண்டு. நாம் பதினைந்து பேர் கூட்டமாக ஏறி அமர்ந்தால், மருந்தெடுத்துக்கொண்டு வீடு திரும்பவேண்டிய ஒரு கிழவி கரையில் நிற்கக்கூடும். ரிக்கற்றுக்கு அவர் கொடுத்த அதே காசைத்தான் நாமும் கொடுத்தோம், ஆகவே உரிமை சமம் என்று வாதிடலாம். வாதம் சரி. ஆனால் உறவு அந்த வாதத்தோடு முடிந்துவிடும். “நீங்கள் ஏறுங்கோ அம்மா, நாங்கள் அடுத்ததில் வாறம்” என்று எழுந்து நிற்பவரே ஊருக்கு வந்தவர். மற்றவர் உல்லாசப் பயணி.

புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரையில்லாமல் நிற்கும் வீடுகளின் முன் படம் எடுப்போருக்கும் இது பொருந்தும். 1990 இலும் 1991 இலும் தீவகம் படையினர் வசமானபோது சனம் கைப்பையோடு வெளியேறிய வீடுகள் அவை. அங்கே பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்குமுன், “இது யாருடைய வீடு?” என்று அயலில் ஒருவரைக் கேட்டால் போதும். பெயர் தெரிந்துவிட்டால் இடிந்த சுவர் வெறும் காட்சியாக இராது. அந்த வீட்டுக்காரர் ஒருவேளை எமக்கு நாலு தெரு தள்ளி ஸ்காபுறோவிலேயே இருக்கவும் கூடும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது அடுத்த கேள்வி. ரொறொன்ரோத் தீவுக்குப் போகும் படகைப் போலத்தான் நயினாதீவுப் படகும் என்று எண்ணும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் குமுதினியின் கதையைப் படகில் வைத்துச் சொல்லத் தேவையில்லை. பதினைந்து வயதில் சொல்லாமல் விடுவதும் முறையன்று. சொல்லும்போது முழுவதையும் சொல்லவேண்டும். 1986 இல் அந்த 155 பேரையும் கண்ட மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்ரன், கடவுச்சீட்டைக் கேட்டுவிட்டு அவர்களைத் தூக்கவில்லை. கடலில் தத்தளிப்பவரைக் காப்பது கடற்தொழிலாளியின் தர்மம் என்று செயலில் காட்டினார். எமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் சொல்லி, எமக்குச் செய்யப்பட்ட உதவியை மறைத்தால் அது பாதிக் கணக்கு.

முழுக் கணக்கையும் எழுதினால் அது எமது கரையோடு நிற்காது. வரதேரோ நோக்குகின்ற புளோரிடா நீரிணையில்தான் 1994 இல் 30,000 க்கும் மேற்பட்ட கியூப மக்கள் மிதவைகளிலும் ஓட்டைப் படகுகளிலும் தப்பியோட முயன்றனர். நாம் மெத்தையில் மிதக்கும் நீர் இன்னொருவருடைய கிளாலி. அங்கு அறை துடைக்கும் பெண்ணிடம் பெயர் கேட்டு நன்றி சொல்வதும், றோகிங்கியா மக்களோ வேறெவரோ படகில் வரும் செய்தியைக் கேட்கும்போது “இவர்களை ஏன் உள்ளே விடுகிறார்கள்” என்று சொல்ல எமது நாக்கு கூசுவதும் அக்கடனின் வட்டியே. முதலைத் தீர்க்க எம்மால் முடியாது.

ஆகவே அன்பர்களே, போகக்கூடியவர்கள் போய் வாருங்கள். பிள்ளைகள் கசூரினாவில் கண் சிவக்குமட்டும் குளிக்கட்டும். கடலைக் கண்டாலே நடுங்கிக் கரையில் அமர்ந்துவிடும் பெரியவர்களை வற்புறுத்தாமல், அவர்களோடு ஒருவர் துணைக்கு இருங்கள். ஆடி அமாவாசை விடுமுறைக்குள் வந்தால், அன்று காலை ஒரு கை நீரைப் பெயர் தெரியாதவர்களுக்காகவும் விடுங்கள். பிறகு பிள்ளைகளோடு நீரில் இறங்குங்கள். நயினை நாகபூசணி அம்பாள் அனைவரையும் சுகமே கரை சேர்ப்பாளாக.