தலையணை மேல் வைத்த நாணயம்

ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவின் வடகரையில் போர்ட் டி பொயென்சா என்றொரு சிறிய ஊர். லண்டனிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மலைகள் சூழ்ந்த வளைகுடா என்பதால் அலை அதிகம் இல்லை. கரையோரம் குழந்தைகள் நின்று விளையாடும் அளவுக்குத்தான் ஆழம். நடைபாதையில் பைன் மரங்கள் கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. அதே தீவின் தெற்கே மகலூஃபில் இரவெல்லாம் குடியும் கூத்தும். இங்கே அது இல்லை. அதனால் விளம்பரங்கள் இதை ‘அமைதியான குடும்பத் தலம்’ என்கின்றன.

“இந்த ஒரு வாரம் உனக்கு ஒரு வேலையும் கிடையாது” என்றார் கணவர். செலவு குறையும் என்று சமையலறையோடு கூடிய ஓட்டல் அறை எடுத்திருந்தோம். முதல் நாள் காலையிலேயே முட்டை வேகவைத்தேன். பிள்ளைகளுக்கு வெயில் களிம்பு பூசினேன். மணல் படிந்த துணிகளை அலசிக் காயப்போட்டேன். அத்தையின் மாத்திரைகளை நேரம் பார்த்துக் கொடுத்தேன். “எந்த ஊருக்கு வந்தாலும் உன் கை ரசம் மாதிரி வராதும்மா” என்றார் அத்தை. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் தலைவலி. மற்றவர்கள் கடலுக்குப் போக நான் அறையில் இருந்தேன். துப்புரவுப் பணியாளர் வந்தார், ஐம்பது வயதிருக்கலாம். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தார். குனிந்து, ஒரு கையால் மெத்தையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் விரிப்பைச் செருகினார். நான்கு மூலையிலும் அப்படியே. நிமிரும்போது கை தானாக இடுப்புக்குப் போனது. அப்படி எத்தனை அறைகளோ அன்று. நான் “கிராசியாஸ்” என்று சொல்லி, தலையணை மேல் இரண்டு யூரோ நாணயம் ஒன்றை வைத்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்ததுதான். ரசத்தைப் பாராட்டியபோது நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

ஓய்வுதான் நல்ல வாழ்வின் இலக்கு என்றார் அரிஸ்டாட்டில். அவருடைய நகரத்தில் அந்த ஓய்வு சுதந்திரமான ஆண்களுக்கு உரியது. அதற்கான உழைப்பு அடிமைகளுடையதும் பெண்களுடையதும். 1949இல் வெளிவந்த ‘இரண்டாம் பாலினம்’ நூலில் சிமோன் த பொவார், வீட்டு வேலையைப் பாறையை மீண்டும் மீண்டும் மலைமேல் உருட்டும் சிசிபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். விரித்த படுக்கை இரவில் கலையும். காலையில் மறுபடி விரிக்க வேண்டும். செய்தால் கண்ணுக்குத் தெரியாது, செய்யாவிட்டால் மட்டும் தெரியும். ‘அமைதி’ என்று நாம் அனுபவிப்பது இந்த உழைப்பைத்தான்.

இதற்கு நாம் கொடுப்பது நன்றி. நன்றி நல்ல குணம்தானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கடமைக்கு மேல் ஒருவர் செய்வதற்குரியது நன்றி. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நன்றியை மட்டும் கொடுத்தால், அது பாக்கியை மூடும் துணியாகிவிடுகிறது. கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்து நன்றி வரும், போகும். உரிமை அப்படிப் போகாது.

ஸ்பெயினின் ஓட்டல் துப்புரவுப் பெண்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். ‘சுத்தம் செய்கிறவர்கள்’ என்ற ஸ்பானியச் சொற்களின் ஒலியைச் சுருக்கி ‘லாஸ் கெல்லிஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, 2016இல் சங்கமானார்கள். தேய்ந்த மணிக்கட்டும் முதுகும் தங்கள் தலைவிதி அல்ல, தொழிலால் வந்த நோய் என்றார்கள். மயோர்க்கா அடங்கிய பலேரியத் தீவுகளில் 2022இல் வந்த சுற்றுலாச் சட்டம், ஓட்டல்கள் உயர்த்தித் தாழ்த்தும் கட்டில்களைப் பொருத்த வேண்டும் என்றது. கட்டில் உயர்ந்தால் பெண் குனிய வேண்டியதில்லை. ஒரு மெத்தையின் உயரம்கூட அரசியல்தான் என்பதை அவர்களிடமிருந்து கற்றேன்.

அவரும் நானும் ஒன்று என்று சொல்லவரவில்லை. என் கையில் திரும்பிப் போகும் பயணச்சீட்டு இருந்தது. என் ஓய்வின் ஒரு பங்கு அவர் இடுப்பிலிருந்து வந்தது. நானும் பெண்தான் என்று சொல்லி அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆனால் எங்கள் இருவருக்கும் கூலிக்குப் பதிலாகப் புகழைத் தரும் வழக்கம் ஒன்றுதான்.

மறுநாள் கணவரிடம், “ரசம் நல்லாயிருக்குன்னு யாரும் சொல்ல வேணாம். இன்னைக்கு நீங்க சமைங்க” என்றேன். சமைத்தார். தட்டை வைத்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று என் முகத்தையே பார்த்தார். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றேன். பாத்திரங்களையும் அவரே கழுவினார்.

அடுத்த முறை அறை பதிவு செய்யும்போது, ஜன்னலில் கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன், கட்டில் உயருமா என்று கேட்கப்போகிறேன். நாணயத்தையும் வைப்பேன். ஆனால் அதை வைத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்தது என்று இனி நினைக்கமாட்டேன்.