கொடையும் மானமும்

பசித்தவனுக்கு உணவளிப்பது அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், அவ்வுணவை அவன் எந்நிலையில் நின்று பெறுகின்றான் என்பதையும் அறம் கருத வேண்டுமா? வயிறு நிறைந்தால் போதுமா? தலையும் நிமிர்ந்திருக்க வேண்டுமா? ஈகையைப் போற்றிய வள்ளுவரே இரவச்சம் என்னும் அதிகாரத்தையும் அமைத்து, மனமுவந்து கொடுப்பாரிடத்தும் கையேந்தாமையே மேல் என்று கூறியிருப்பது இவ்வினாவின் ஆழத்தைப் புலப்படுத்தும்.

இவ்வினாவை எண்ணிப் பார்க்க ஏற்றதொரு நகரம், வட இந்தியாவில் கோமதி ஆற்றங்கரையில் அமைந்த லக்னோ. அவத் நாட்டு நவாப் அசபுத் தௌலா 1775ஆம் ஆண்டில் தம் தலைநகரைப் பைசாபாத்திலிருந்து அங்கு மாற்றினார். 1783, 1784ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அக்காலத்தில், 1784இல், அவர் பெரிய இமாம்பாராவைக் கட்டத் தொடங்கினார். கி.பி. 680இல் கர்பலாவில் உயிர்நீத்த இமாம் உசைனை முகரம் திங்களில் நினைந்து துயருறுவதற்கான மண்டபம் அது. அதனருகே அசபி பள்ளிவாசலும், ரூமி தர்வாசா என்னும் மாபெரும் வாயிலும் எழுந்தன. நடுமண்டபம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் வளைகூரையைத் தாங்க இடையே தூண் ஒன்றும் இல்லை, உத்தரமும் இல்லை. பளிங்குக் கல்லை நாடாமல், செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டே அதனை எழுப்பினர்.

பஞ்சத்தால் நலிந்தோர்க்கு வேலையும் கூலியும் தருவதற்கே இப்பணி தொடங்கப்பெற்றது என்பர். அதனோடு மக்கள் ஒரு கதையும் வழங்குகின்றனர். பகலில் ஏழை எளியோர் சுவர் எழுப்புவராம். வறுமையுற்ற உயர்குடியினர், தம்மைப் பிறர் காணாவண்ணம், இரவில் வந்து அச்சுவரின் ஒரு பகுதியை இடிப்பராம். இருசாராரும் கூலி பெறுவராம். இக்கதை மெய்யோ புனைவோ, நவாபின் பண்புள்ளத்தைக் காட்டவே சொல்லப்படுகின்றது.

சற்று நின்று சிந்தித்தால், கதை வேறொன்றையும் உணர்த்துகின்றது. இருளை வேண்டியவர் யார்? செங்கல் சுமந்த தொழிலாளி வேண்டவில்லை. அவன் பட்டப்பகலில் உழைத்தான். பலர் காணக் கூலி பெற்றான். அதில் அவனுக்கு நாணமில்லை. உழைப்பை இழிவென்று எண்ணி வாழ்ந்தவர்க்கே இருள் தேவைப்பட்டது. இரவு அவர்தம் பெயரைக் காத்தது. மானத்தைக் காத்ததா? பயனற்றது என்று செய்பவனே அறிந்த வேலைக்குத் தரும் கூலி, வேலை என்னும் போர்வை போர்த்திய பிச்சையே. பகலில் உழைத்தவன் கட்டிய சுவரோ இன்றும் நிற்கின்றது.

பஞ்சக் காலத்தில் மண்டபம் எதற்கு, தானியத்தை நேரே வழங்கியிருக்கலாமே என்பாரும் உளர். உழைக்க வலுவற்ற முதியோர்க்கும் நோயாளர்க்கும் குழந்தைகட்கும் அதுவே முறை. அவர்களிடம் வேலை கேட்பது கொடுமை. உழைக்க வல்லவனுக்கோ வேலையே மருந்து.

இன்னொரு வினாவும் உண்டு. அக்கொடை யாருடைய பொருள்? நவாப் ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். கம்பெனியின் நெருக்குதலுக்கு இணங்கி, 1781, 1782ஆம் ஆண்டுகளில் தம் தாயிடமும் பாட்டியிடமும் இருந்த செல்வம் பறிக்கப்பட அவர் உடன்பட்டார். கருவூலத்தை நிரப்பியதோ உழவனின் வரி. ஆகவே, கூலி பெற்றவன் நவாபின் அருளைப் பெற்றான் என்பதைவிட, தன் இனத்தார் உழைப்பின் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றான் என்பதே பொருந்தும். இவ்வுண்மையை உணர்ந்த கொடையாளி செருக்குறான்; பெறுபவனும் குனியான்.

அசபுத் தௌலா 1797இல் மறைந்து, தாம் கட்டிய அம்மண்டபத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1856இல் கம்பெனி அவத் நாட்டையே கவர்ந்துகொண்டது. அரசு போயிற்று; கட்டடம் நிலைத்தது. அதனைக் காண்போர் அதன் அழகை வியப்பதோடு, ஒரு நெறியையும் நெஞ்சிற் கொள்ளலாம். கொடையின் அளவுகோல் கொடுத்த பொருளின் மிகுதியன்று. பெற்றவன் பகல் வெளிச்சத்தில் நிமிர்ந்து நடக்க முடிகின்றதா என்பதே.