கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது ஜெர்மன்!

இளையரசனேந்தல் தம்பியே, தங்கையே! உன் வீட்டில் கட்டில் இருக்கிறதா? பீரோ இருக்கிறதா? சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர்? கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பெட்டி? இருக்கிறது அல்லவா! அப்படியானால் ஜெர்மன் மொழியின் முதல் பாடம் உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இனி ஒருமுறைகூட "நமக்கு அதெல்லாம் வருமா?" என்று கேட்காதே.

ஜெர்மன் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஆரம்ப நிலையிலேயே, அதாவது ஏ1 நிலையிலேயே, என்ன சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? தத்துவமா, இலக்கியமா? இல்லை. மேசை எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே தொங்குகிறது, நாற்காலி எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைத்தான். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிற மாணவனும் இதைத்தான் படிக்கிறான். அவனுக்குப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். உனக்கோ பொருளே கண்முன் நிற்கிறது. யாருக்கு வசதி அதிகம், நீயே சொல்!

2024 அக்டோபரில் ஜெர்மனி ஓர் அறிவிப்பு செய்தது. திறன்பெற்ற இந்தியப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னது. அங்கே மருத்துவமனைகளுக்குச் செவிலியர் வேண்டும். தொழிற்கூடங்களுக்கு மெக்கானிக் வேண்டும், எலக்ட்ரீசியன் வேண்டும். நர்சிங் முடித்தவர்களும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்தவர்களும் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். படிப்பு இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது, உழைப்புக்குப் பஞ்சமே இல்லை. நடுவில் நிற்பது மொழி ஒன்றுதான். அந்தத் தடையை உடைக்க உன்னால் முடியும்!

வா, உன் வீட்டுக்குள்ளேயே தொடங்குவோம். கட்டில், டாஸ் பெட். பீரோ, டேர் ஷ்ராங்க். பெட்டி, டேர் கோஃபர். நாற்காலி, டேர் ஷ்டூல். விளக்கு, டீ லாம்ப. சுவர், டீ வாண்ட். இனி வாசலில் நின்று உள்ளே பார். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல். "டேர் ஷ்ராங்க் ஷ்டேட் நேபன் டேம் பெட்." பீரோ கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. "டேர் கோஃபர் லீக்ட் உன்ட்டர் டேம் பெட்." பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "டேர் கலெண்டர் ஹெங்ட் ஆன் டேர் வாண்ட்." காலண்டர் சுவரில் தொங்குகிறது. மூன்று வாக்கியம் பேசிவிட்டாய்! பிழையில்லாத ஜெர்மன் பேசிவிட்டாய்!

இன்னொன்றையும் கவனித்தாயா? நம் வீட்டிலும் பீரோ நிக்குது, பெட்டி கிடக்கு, காலண்டர் தொங்குது என்றுதானே பேசுகிறோம்? எல்லாவற்றையும் "இருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதில்லை. ஜெர்மானியரும் அப்படித்தான். நிற்பதற்கு ஒரு வினை, கிடப்பதற்கு ஒரு வினை, தொங்குவதற்கு ஒரு வினை. கட்டிலு"க்கு" அடியில், பீரோவு"க்கு"ப் பக்கத்தில் என்று நாம் நான்காம் வேற்றுமை சேர்த்துச் சொல்கிறோம். பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது அவர்களும் அதற்கு இணையான டாட்டிவ் வேற்றுமையைத்தான் சேர்க்கிறார்கள். டாஸ் பெட் என்பது டேம் பெட் ஆவதும், டீ வாண்ட் என்பது டேர் வாண்ட் ஆவதும் அதனால்தான். ஜெர்மனில் வேற்றுமை மொத்தமே நான்கு. பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்துத் தேறிய உனக்கு நான்கு எம்மாத்திரம்!

சரி, கடினமே இல்லையா? இருக்கிறது. மறைக்க மாட்டேன். நமக்குக் கட்டிலும் நாற்காலியும் அஃறிணை, அவ்வளவுதான். ஜெர்மனிலோ நாற்காலி ஆண்பால், விளக்கு பெண்பால், கட்டில் இரண்டும் அல்லாத பால். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் கிடையாது, பழகித்தான் ஆக வேண்டும். பெயரைத் தனியாகப் படிக்காதே. பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் என்ற முன்சொல்லையும் சேர்த்தே படி. மூன்று நிறத் தாள் வாங்கு. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை. பெயரை எழுதி அந்தந்தப் பொருளின் மேலேயே ஒட்டிவிடு. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கைகள் உள்ள பூமி இது. அந்தக் கைகளின் பிள்ளைக்குப் பீரோவில் ஒரு தாள் ஒட்டத் தெரியாதா? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

அடுத்த படி ஒன்று உண்டு. பலர் தடுக்கி விழுகிற இடம் அது. பொருள் "எங்கே இருக்கிறது" என்றால் வோ. "எங்கே கொண்டுபோய் வைக்கிறாய்" என்றால் வோஹின். கேள்வி மாறினால் வேற்றுமையும் மாறும். புரியவில்லையா? குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பெட்டியை இழு. பீரோ பக்கம் தூக்கிக்கொண்டு போகும்போதே சொல். "இஷ் ஷ்டெல்ல டேன் கோஃபர் நேபன் டேன் ஷ்ராங்க்." நான் பெட்டியைப் பீரோவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வைத்தாயிற்றா? கையை எடுத்துவிட்டு மறுபடி சொல். "டேர் கோஃபர் ஷ்டேட் நேபன் டேம் ஷ்ராங்க்." பொருள் நகரும்போது டேன். நகர்ந்து நின்றபின் டேம். இப்படி இரண்டு விதமாகவும் வரும் இடச்சொற்கள் மொத்தம் ஒன்பதுதான். ஆன், அவுஃப், ஹின்ட்டர், இன், நேபன், யூபர், உன்ட்டர், ஃபோர், ட்ஸ்விஷன். ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஒரு பீரோ போதும், ஒன்பதையும் பழகிவிடலாம். உடம்பு அசைந்து படித்த பாடம் மறக்காது.

மொழி தெரியாத ஊரில் போய் ஒருவன் ஜெயிக்க முடியுமா என்று சந்தேகமா? ஜெர்மானியர்களையே கேள்! 1706 ஜூலையில் சீகன்பால்க் என்ற இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அகராதி இல்லை, கோச்சிங் சென்டர் இல்லை, யூடியூப் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பத்து ஆண்டு முடியும் முன்பே, 1715-இல், அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நம் பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியர், தமிழுக்கு ஓர் இலக்கண நூலே எழுதினார். 247 எழுத்து கொண்ட நம் மொழியை அவர்கள் கற்றார்கள். 30 எழுத்து கொண்ட அவர்கள் மொழி உன்னால் ஆகாதா?

பக்கத்து இடைசெவலைப் பார். கல்லூரி வாசலை மிதிக்காத கி. ராஜநாராயணன், இந்தக் கரிசல் வீடுகளிலும் வயல்களிலும் புழங்கிய சொற்களைத் திரட்டி வட்டார வழக்கு அகராதியே உருவாக்கினார். பட்டம் பெறாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. வீட்டுச் சொல்லை மதித்தவர் அந்த உயரத்துக்குப் போனார். சொல் சேர்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல!

இனிக் கணக்குப் பேசுவோம். ஏ1 தேர்வுக்கான சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள். நாளுக்குப் பத்து என்றால் 65 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. காசு இல்லை என்று சொல்லாதே. டாய்ச்ச வெல்ல நிறுவனத்தின் "நிகோஸ் வேக்" பாடங்கள் ஏ1 முதல் பி1 வரை இணையத்தில் இலவசம். செவிலியர் என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை விசாரி. "மொழியே வேண்டாம், பணத்தைக் கட்டு, அனுப்பிவைக்கிறேன்" என்று வருகிற ஏஜென்ட்டை வாசலோடு திருப்பி அனுப்பு. ஜெர்மனியில் பதிவு பெற்ற செவிலியராக வேலை செய்யப் பொதுவாக பி2 நிலை வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படிதான். முதல் படி உன் வீட்டு நடையிலேயே இருக்கிறது.

ஆங்கிலமே சரளமாக வராதே என்று தயங்காதே. ஏ1 வகுப்பில் எல்லோருக்கும் முதல் நாள் ஒன்றுதான். நகரத்துக் கான்வென்ட்டில் படித்தவளும் நீயும் ஒரே கோட்டில் நிற்கிற அபூர்வமான பந்தயம் இது. தப்பாகப் பேசு, திருத்திக்கொள், மறுபடி பேசு. தப்பாகப் பேசுகிறவன் ஒருநாள் சரியாகப் பேசுவான். பேசாமலே இருக்கிறவன் என்றைக்கும் பேச மாட்டான்.

நல்ல நாள் பார்க்காதே, துணைக்கு ஆள் தேடாதே. இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பொருளுக்குப் பெயர் எழுதி ஒட்டு. நாளைக்குப் பத்து வாக்கியம் உரக்கச் சொல். பி2 சான்றிதழ் உன் கைக்கு வருகிறவரை ஒரு நாள்கூட நிறுத்தாதே!