பலகையில் ஒரு பெயர்

செட்டிநாட்டில் முன்னோரை நினைப்பதற்குப் படைப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. பங்காளிகள் கூடுவார்கள், மறைந்த ஐயாவுக்கோ ஆச்சிக்கோ படைப்பார்கள், பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுக் கலைவார்கள். அண்டை வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்த நினைவு நிலைப்படியைத் தாண்டித் தெருவுக்கு வருவதில்லை.

தெருவுக்கு வந்த நினைவின் கதை வேறு. காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய அரசுப் பேருந்துகளில் ஒரு காலத்தில் மருது பாண்டியர் பெயர் இருந்தது. சிவகங்கை மாவட்டமே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் விருதுநகரில் அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. கட்டபொம்மனின் படையில் நின்று 1799-இல் உயிர் கொடுத்த தளபதி அவர். ஆனால் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவராயிற்றே! அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றனர் சிலர். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அந்த ஆண்டிலேயே மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது.

தீயை அணைக்கிற அவசரத்தில் செய்ததை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அது நியாயமா என்பது தனிக் கேள்வி. அதுவரை பிறருடைய பெயர்களைத் தாங்கிய வண்டிகளில் அந்த மக்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்வந்தவர்கள்தாம். அவர்களுடைய முறை வந்தபோது, யாருக்குமே பலகை வேண்டாம் என்றாகிவிட்டது. பந்தியில் ஒருவன் வந்து உட்கார்ந்ததும் எல்லோருடைய இலையையும் எடுத்துவிடுவதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏறமாட்டேன் என்றவனின் பிடிவாதம் அல்லவா அங்கே ஜெயித்தது?

இத்தனைக்கும் 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை, எல்லாச் சாதியாரையும் விளித்து எழுதப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அண்ணனும் தம்பியும் தூக்கிலேறினார்கள். இன்றோ அக்டோபர் வந்தால் காளையார்கோவில் சாலைகளில் போலீசார் வண்டிகளை மறித்துச் சோதிக்கிறார்கள். தேவர் சிலையும் அம்பேத்கர் சிலையும் பல ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன.

மறுபடியும் பெயர் எழுதுகிற நாள் ஒன்று வருமானால், முதல் வண்டியில் சுந்தரலிங்கத்தின் பெயரை எழுதச் சொல்வேன். அது காரைக்குடியிலிருந்தே புறப்படட்டும்.