யாரிடம் கேட்பது?



துன்பம் வந்தால் யாரிடமாவது சொல்லி வழி கேட்பது மனித இயல்பு. அதில் குற்றமில்லை. யாரிடம் கேட்பது என்பதிலேதான் சங்கதி இருக்கிறது.

திருவாமூரில் அவதரித்த மருணீக்கியார் இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். தமக்கையார் திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். தாமும் உயிர் விடத் துணிந்த அம்மையார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார் என்கிறார் சேக்கிழார் பெருமான். அந்தத் தம்பி பின்னர் சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமைப் பதவியில் இருந்தார். சூலை நோய் வந்து குடலைப் புரட்டியது. அங்குள்ளோர் தமக்குத் தெரிந்த மந்திரங்களெல்லாம் செய்து பார்த்தும் நோய் கூடியதேயன்றிக் குறையவில்லை. பதவியும் பரிவாரமும் இருந்தும், அவருக்கு நினைவு வந்தது திருவதிகையில் கோயிற்பணி செய்துகொண்டிருந்த தமக்கையாரைத்தான். சமையற்காரரை அனுப்பிச் செய்தி சொன்னார்.

அம்மையார் ஓடி வந்தாரா? இல்லை. அங்கே வரமாட்டேன் என்றே சொல்லி அனுப்பினார். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தம்பிக்காக உயிரை வைத்திருந்தவர்தான் 'மாட்டேன்' என்றும் சொன்னார். முகமறியாதவர் அப்படிச் சொல்வது அரிது. கேட்பவர் மனம் குளிர எதையாவது சொல்லிவிட்டுப் போவார். அதனால் வரும் நட்டத்தில் அவருக்குப் பங்கில்லை. கேட்டவர் மறைத்த பாதிக் கதையும் அவருக்குத் தெரியாது.

இன்று கணவன் மனைவி பிணக்கு, பிள்ளையின் கலியாணம், காணியை ஈடுவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமும், தொலைபேசியில் குரலை மாத்திரம் கேட்டவரிடமும் விசாரிக்கிறார்கள். ஒரு பக்கத்தைக் கேட்டவர் 'விட்டிட்டு வா' என்கிறார். குடும்பம் உடைந்த பிறகு தேடினால் அவர் கிடையார்.

ஆளைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறதே என்பார்கள். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரிடம் முத்தநாதனும் திருநீறு பூசித்தான் வந்தான். எங்குமில்லாத ஆகமம் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த தேவியாரை விலக்கச் சொன்னான். சுவடிக் கட்டுக்குள் இருந்தது கத்தி. நாயனார் வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டவர். அவர் அடைந்தது சிவபதம். காணி உறுதியை நீட்டும் குடும்பத்தவருக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. 'வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், தேவியாரை விலக்கிய அந்த இடம் நினைவுக்கு வரவேண்டும்.

பழியை முழுவதும் கேட்பவர்மேல் போடுவதும் நீதியல்ல. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் மாமன் ஒரு தேசம், பெரியப்பா ஒரு தேசம் என்று குடும்பங்கள் சிதறிப்போயின. ஊரில் மிஞ்சிய பெரியவர்களிடம் சொன்னாலோ, மாலைப் பூசைக்கு முன்னமே கதை தேர்முட்டிக்கு வந்துவிடுகிறது. அந்தப் பயத்தாலேயே பலர் அந்நியரைத் தேடிப் போகிறார்கள். கோயில் மண்டபத்தில் இருந்து ஊர்க்கதை பேசுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மருணீக்கியார் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையார் காலில் விழுந்தபோது, அம்மையார் பழைய கணக்கை விரிக்கவில்லை. அறியாமல் விழுந்து துன்பப்பட்டதை ஒரு வார்த்தையில் சொல்லி, எழுந்திருக்கச் சொன்னார். ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையில் துடைப்பமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.